அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜப்பான் தோட்டத்துக்குப் போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் இருந்து ஒரு தங்கச்சி, அம்மாவைக் கண் கிளினிக்குக்குக் காட்டக் கொழும்புக்கு வருகிறா. மத்தியானத்துக்குள் கிளினிக் வேலை முடிந்துவிடும், ரயில் இரவில்தான். கடைகளில் அலைய அம்மாவுக்கு விருப்பமில்லை. நகருக்குள் ஜப்பான் பாணியில் அமைத்த பொதுத் தோட்டம் ஒன்றின் படத்தை யாரோ காட்டியிருக்கிறார்கள்: குளம், கல்விளக்கு, வளைந்த சின்னப் பாலம். "பூவே இல்லையே, பத்து நிமிடத்தில் பார்த்து முடிந்துவிடாதா? அம்மாவுக்கு அதில் என்ன விளங்கும்? முழங்கால் நோவும் இருக்கிறது, நடக்க முடியுமா?" இவைதான் கேள்விகள்.

போங்கள் தங்கச்சி, கட்டாயம் போங்கள். நான் கொழும்பில் இருபது வருடத்துக்கு மேலாக வீட்டுத் தோட்டம் அமைக்கிற வேலை செய்கிறேன். நடுவில் ஒன்பது மாதம் ஜப்பானின் கியோத்தோ நகரில் ஒரு தோட்டக்காரரிடம் கையாளாக நின்று பழகினேன். எனக்கு மிகவும் பிடித்த விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள், பதில் கொஞ்சம் நீளும்.

அம்மாவுக்கு என்ன விளங்கும் என்றுதானே கேட்டீர்கள்? உங்களைவிட அவவுக்குத்தான் கூட விளங்கும் என்பது என் எண்ணம். கியோத்தோவில் எனக்குத் தந்த முதல் வேலை கூட்டுவது. செடியில் கத்தரிக்கோல் வைக்கவே பல வாரம் விடவில்லை. விடியக் காலையில் மூங்கில் விளக்குமாற்றால் வாசலைக் கூட்டி, பிறகு வாளியில் தண்ணீர் அள்ளி அகப்பையால் தெளிக்க வேண்டும். அந்தத் தெளிப்புக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் உச்சிமிசு. வாசல் ஈரமாக இருந்தால், "உங்களுக்காகத்தான் காத்திருக்கிறோம், வாருங்கள்" என்று விருந்தாளிக்குச் சொல்வதாக அர்த்தம். முதல் நாள் அதைச் செய்யும்போதே எனக்கு வடமராட்சியில் அம்மம்மா முற்றம் தெளிக்கிற சத்தம் காதில் கேட்டது.

அம்மம்மாவின் முற்றம் வெண்மணல். ஈர்க்குமாற்றைச் சாய்த்துப் பிடித்து, அரைவட்டம் அரைவட்டமாக இழுத்து, பின்பக்கமாக நடந்து கூட்டுவா. முன்னுக்கு நடந்தால் கூட்டின இடத்தில் தன் காலடி விழுந்துவிடும் என்பதால் அப்படி. படலைக்கு வரும்போது முற்றம் முழுக்க விசிறி விசிறியாகக் கோடு இருக்கும், ஒரு சுவடும் இருக்காது. அதற்குமேல் முதலில் ஓடுகிற பிள்ளைக்கு ஏச்சு விழும். ஜப்பானின் கல்தோட்டங்களில் சரளையை வாரியால் இழுத்துக் கோடு போடுகிறவர்களும் அப்படித்தான், பின்பக்கமாக நடந்து வெளியேறுவார்கள். அந்தக் கோடு அவர்களுக்குத் தண்ணீர். நடுவில் நிற்கும் கல் தீவு, கல்லைச் சுற்றிப் போட்ட வட்டம் அலை. தண்ணீர் ஒரு துளியும் இல்லாமல் கடலைக் காட்டுகிற இந்தத் தோட்டத்துக்குக் கரேசன்சுயி என்று பெயர்.

கியோத்தோவில் ரியோஆன்ஜி கோயிலில் இருப்பதுதான் இந்த வகையில் மிகப் பிரபலமானது. ஏறக்குறைய 25 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், அவ்வளவுதான் இடம். அதற்குள் 15 கற்கள். திண்ணையில் எங்கே குந்தியிருந்து பார்த்தாலும் 14 தான் கண்ணுக்குப் படும், ஒன்று எப்போதும் இன்னொன்றின் பின்னால் மறைந்துவிடும். நான் போன அன்று ஒரு வயதான மனுசி திண்ணையின் ஒரு மூலையில் இருந்தார். நான் இரண்டு தரம் சுற்றிவிட்டு வந்தும் அவர் அசையவில்லை. இங்கே நின்று பார்ப்பதைவிட இருந்து பார்ப்பதற்குத்தான் தோட்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. பத்து நிமிடத்தில் முடிந்துவிடாதா என்றால், நடந்து பார்த்தால் ஏழு நிமிடத்திலேயே முடியும். இருந்து பாருங்கள்.

பூ இல்லாதது குறையாக உங்களுக்குப் படுகிறது. விகாரமகாதேவிப் பூங்காவையும் பேராதனையையும் பார்த்துப் பழகின கண்ணுக்கு அது இயல்பு. ஆனால் ஜப்பான் தோட்டம் பெரும்பாலும் பச்சைதான். செரிப்பூவுக்கு அங்கே வருடத்தில் ஒரு வாரமோ பத்து நாளோ, மேப்பிள் இலை சிவப்பதற்கு இலையுதிர்காலத்தில் கொஞ்ச நாள். மிச்ச நாளெல்லாம் பச்சையின் வேறுபாடுகளைத்தான் பார்க்கிறார்கள். கொழும்பில் அந்தச் செரியும் இல்லை. குளிர்காலக் குளிர் பட்டால்தான் அந்த மரம் மொட்டு விடும், எங்கள் வெயிலில் அது பெயருக்குத்தான் நிற்கும். அப்படியான செடிகளைப் பார்க்க வேண்டுமென்றால் நுவரெலியாப் பக்கம் ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குப் போக வேண்டும். அங்கே ஜப்பான் தோட்டம் என்றே ஒரு பகுதி இருக்கிறது, 1700 மீற்றர் உயரத்துக் குளிரும் இருக்கிறது. கொழும்பில் அமைக்கிற எங்களுக்கு மூங்கில், மொண்டோ புல், வெட்டி வடிவெடுக்கிற சிறிய இலைச் செடிகள், பன்னங்கள் இவைதான் கைகொடுக்கும். அது போதும்.

சரி, உள்ளே போனால் எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில் கால் வைக்கிற கற்கள். படிக்கற்கள் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் இருக்காது. தெரிந்தேதான் அப்படி வைப்பார்கள். ஒழுங்கில்லாத கல்லில் நடக்கிறவர் கீழே பார்க்கத்தான் வேண்டும், கீழே பார்த்தால் வேகம் குறையும், வீதியில் இருந்து கொண்டுவந்த அவசரம் அதோடு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நாலைந்து கல்லுக்குப் பிறகு ஒரு பெரிய கல் இருந்தால் அது நிற்பதற்கு. அங்கே நின்று தலையை நிமிர்த்துங்கள். தோட்டம் அமைத்தவர் எதையோ காட்டத்தான் அந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறார். அது ஒரு மரக்கொப்பாக இருக்கலாம், குளத்தின் ஒரு மூலையாக இருக்கலாம். இதைத் தெரியாமல் நடந்தால் கல் மட்டும்தான் தெரியும்.

அடுத்தது குனிகிற தொட்டி. தாழ வைத்த கல்தொட்டி, பக்கத்தில் மூங்கில் அகப்பை. சுகுபாய் என்பார்கள், குந்துவது என்ற சொல்லில் இருந்து வந்த பெயர். தேநீர்ச் சடங்குக்குப் போகிறவர் கையையும் வாயையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார். தொட்டியை உயரமாக வைத்தால் வசதிதானே? வைக்க மாட்டார்கள். எவ்வளவு பெரிய மனிதரானாலும் அந்த இடத்தில் குனிய வேண்டும். எங்கள் ஊரிலும் கோயிலுக்குள் போக முதல் கால் கழுவுகிறோம், செத்த வீட்டுக்குப் போய் வந்தால் படலையிலேயே தண்ணீர் வைத்திருப்பார்கள். இதை அம்மாவுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தத் தொட்டியைப் பற்றி ஜப்பானில் ஒரு கதை சொல்வார்கள். சென் நோ ரிக்கியூ என்று 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தேநீர் ஆசான். சகாய் என்கிற துறைமுக ஊரில், கடல் தெரிகிற ஒரு காணியில் தோட்டம் அமைத்தார். வந்தவர்களுக்கு ஆச்சரியம், ஏனென்றால் கடலை மறைத்து அடர்த்தியாக வேலிச்செடி வைத்திருந்தார். கை கழுவத் தொட்டியில் குனிந்தபோதுதான் செடியின் இடைவெளியில் கடல் ஒரு கீற்றாகத் தெரிந்ததாம். கையில் தண்ணீர், கண்ணில் கடல், இரண்டும் ஒரே நேரத்தில். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடிக்கும், ஏனென்றால் நான் வெள்ளவத்தையில் இருக்கிறவன். காலி வீதியில் பஸ்ஸும் ஹோர்னும் கடைப் பலகையும். அப்படியே நடந்து ஒரு ஒழுங்கை முகப்பைக் கடக்கும்போது தலையைத் திருப்பினால், இரண்டு பக்க மாடிக் கட்டடங்களுக்கு நடுவில், அந்தத்தில் ஒரு துண்டுக் கடல் நிற்கும். நாலு அடி தாண்டினால் மறைந்துவிடும். அடுத்த ஒழுங்கையில் திரும்ப வரும். முழுக் கடலையும் மரைன் டிரைவில் போய் நின்று பார்க்கலாம், பார்த்திருக்கிறேன். அந்தத் துண்டுக் கடல்தான் மனதில் நிற்கிறது.

வெளியே இருக்கிற காட்சியை இப்படித் தோட்டத்துக்குள் எடுத்துக்கொள்வதை ஜப்பானியர் ஷக்கெய் என்கிறார்கள், இரவல் காட்சி என்று தமிழில் சொல்லலாம். அங்கே மலையை இரவல் எடுப்பார்கள். கொழும்பில் மலை இல்லை, தாமரைக் கோபுரமும் மாடிக் கட்டடங்களும்தான் எட்டிப் பார்க்கும். அதனால் இங்கே நல்ல தோட்டக்காரருக்கு எதைக் காட்டுவது என்பதைவிட எதை மறைப்பது என்பதுதான் பெரிய வேலை. ஒரு மூங்கில் புதரை எந்த இடத்தில் வைத்தால் எதிரே இருக்கிற சீமெந்துச் சுவர் மறையும் என்று பல நாள் கதிரை போட்டு இருந்து பார்த்திருக்கிறேன். நீங்கள் போகிற தோட்டத்திலும் வாங்கில் இருந்தபடி எந்தத் திசையில் கட்டடம் தெரியவில்லை என்று பாருங்கள். அந்தத் திசையில்தான் கூடுதலான உழைப்பு போயிருக்கும்.

கல்விளக்குப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பௌத்த கோயில்களில் இருந்து தேநீர்த் தோட்டத்துக்கு வந்தது, இருட்டில் வழி காட்ட. அகலக் கூரையும் கட்டைக் கால்களும் கொண்ட ஒரு வகைக்குப் பனி பார்க்கிற விளக்கு என்று பெயர், அந்தக் கூரையில் பனி விழுந்து தங்குகிற அழகுக்காக. கொழும்பில் அதன்மேல் மாரி மழையும் உதிர்ந்த இலையும்தான் தங்கும், அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

மீனைப் பற்றி ஒரு விஷயம், பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் முதலில் தேடுவார்கள். சிவப்பும் வெள்ளையுமான கோய் மீன்கள் ஜப்பானின் நீகாத்தாப் பக்கத்து மலைக் கிராமங்களில் 19ஆம் நூற்றாண்டில் சாதாரணக் கெண்டையில் இருந்து நிறம் பார்த்துப் பெருக்கி எடுத்தவை. குளிர்ந்த தண்ணீருக்கு உரியவை. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கிற ஒட்சிசன் குறையும், அதனால்தான் மத்தியானம் போனால் குளத்தில் மீனே இல்லை போலத் தோன்றும், எல்லாம் பாலத்து நிழலில் ஆழத்தில் கிடக்கும். வெயில் இறங்கினால் தானாக வரும். தயவுசெய்து பாண் போடாதீர்கள். மிச்சம் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும்.

இனி, கொழும்பில் இப்படி ஒரு தோட்டத்தை வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சொல்ல வேண்டும். போகிற இடத்தில் சரளையில் பச்சை பிடித்திருக்கும், கோடு கலைந்திருக்கும், "பராமரிப்பே இல்லை" என்று சொல்லத் தோன்றும். கியோத்தோவில் வருடத்துக்குச் சுமார் 1500 மில்லிமீற்றர் மழை. கொழும்பில் சுமார் 2400. அதுவும் ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடியோடு கொட்டுகிற மழை ஒரு மணித்தியாலத்தில் எந்தக் கோட்டையும் அழித்துவிடும். நான் ஊருக்குத் திரும்பி வந்து முதன்முதல் அமைத்தது கொள்ளுப்பிட்டியில் ஒரு வீட்டின் முன்முற்றம். வெள்ளைச் சரளை, மூன்று கல், ஓரத்தில் மூங்கில். படத்துக்கு அப்படி ஒரு வடிவு. மே மாதம் தென்மேல் பருவமழை வந்தது. ஜூலைக்குள் வெள்ளைச் சரளை பாசி பிடித்துப் பச்சை, பக்கத்து வீட்டு மரத்து இலை முழுக்க உள்ளே. வீட்டுக்கார அம்மா எனக்குப் போன் எடுத்து, "தம்பி, வந்து ஒருக்காப் பாருங்கோ" என்றா. நான் போய்ச் சரளை அத்தனையையும் அள்ளிக் கழுவிப் போட்டேன். அடுத்த மழைக்குத் திரும்பவும் அதே.

மூன்றாவது தரம் கழுவுகிறபோதுதான் எனக்கு உறைத்தது. கியோத்தோவில் பாசிக்காக எவ்வளவு பாடுபட்டோம்! சைஹோஜி என்கிற கோயில் தோட்டத்தில் ஏறக்குறைய 120 வகைப் பாசி இருக்கிறது. ஆட்கள் குனிந்திருந்து அதற்குள் முளைக்கிற புல்லை ஒவ்வொன்றாக எடுப்பார்கள். அங்கே பாடுபட்டு வளர்க்கிற பாசி இங்கே கபூக் என்கிற செம்புறைக்கல்லிலும் மதிலிலும் தானாக வருகிறது, நாங்கள் குளோரின் ஊற்றித் தேய்க்கிறோம். அந்த வீட்டில் சரளையை எடுத்துவிட்டுக் கபூக் கற்களைப் பதித்து நிழல் கொடுத்தேன். ஒரு மழைக்காலம் போதும், பாசி தானாக மூடியது. 11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சாகுதெய்கி என்கிற ஜப்பானியத் தோட்டக் கைநூல், கல் என்ன கேட்கிறதோ அதைச் செய் என்று சொல்கிறது. கொழும்பில் கல் பாசியைத்தான் கேட்கிறது. அதனால் நீங்கள் போகிற இடத்தில் பச்சை பிடித்த கல்லைக் கண்டால் அழுக்கென்று தள்ளாதீர்கள், கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு சாண் கல்லில் இரண்டு மூன்று வகைப் பாசி இருக்கும், ஒன்று வெல்வெட் மாதிரி, ஒன்று சின்னச் சின்ன நட்சத்திரம் மாதிரி. அம்மா விரலால் தொட்டுப் பார்க்கட்டும், கால்தான் வைக்கக் கூடாது.

இன்னொரு கஷ்டம் நுளம்பு. தேங்கி நிற்கிற கல்தொட்டித் தண்ணீர் டெங்கு நுளம்புக்கு முட்டையிட ஏற்ற இடம். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருடத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு நான் அமைக்கிற எந்தத் தொட்டியிலும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், இல்லாவிட்டால் கப்பி மீன் விட்டுவிடுவேன், அது நுளம்புக் குடம்பியைத் தின்றுவிடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து எட்டிப் பார்த்தால் நிம்மதியாக நிற்கலாம். நீங்கள் போகிற இடத்தில் தொட்டி காய்ந்து கிடந்தால் அதற்குப் பின்னால் இந்தப் பயம்தான் இருக்கும். அம்மாவுக்குக் காலை மூடுகிற உடுப்பும், நுளம்புக்குப் பூசுகிற மருந்தும் மறக்க வேண்டாம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது, பின்னேரம் அதற்கு நல்ல நேரம்.

கொழும்பில் ஏன் ஜப்பான் பாணித் தோட்டம் என்று அம்மா கேட்டால் சொல்வதற்கு ஒரு வரலாறும் இருக்கிறது. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜப்பானோடு சமாதான ஒப்பந்தம் பேசியபோது, இலங்கையின் நிதி அமைச்சராக இருந்த ஜே. ஆர். ஜயவர்தன எழுந்து, எங்களுக்கு நட்டஈடு வேண்டாம் என்றார். பகை பகையால் தணியாது, அன்பால்தான் தணியும் என்ற புத்தரின் வாக்கைச் சொன்னார். ஜப்பானியர் அதை இன்றும் மறக்கவில்லை. காமகுரா பெரிய புத்தர் கோயிலில் 1991இல் அதற்கு ஒரு நினைவுக்கல்லும் வைத்தார்கள். கியோத்தோவில் நான் இலங்கை என்று சொன்னவுடன் முதிய தோட்டக்காரர் ஒருவர் இதைத்தான் சொல்லித் தலை குனிந்தார். எனக்கு அந்த இடத்தில் மனம் பாரமாக இருந்தது. அதே மனிதர் ஜனாதிபதியாக இருந்தபோதுதான் 1983 ஜூலை வந்தது, எங்கள் வீடும் எரிந்தது. அந்த முதியவரிடம் நான் அதைச் சொல்லவில்லை. அவர் நன்றியோடு நின்றார், அந்த நன்றி உண்மையானது. ரூபவாஹினித் தொலைக்காட்சி நிலையமும் ஸ்ரீ ஜயவர்தனபுர வைத்தியசாலையும் ஜப்பானின் அன்பளிப்பாகத்தான் 1980களில் வந்தன. தியவன்னா ஓயாவின் நடுவில் நிற்கும் நாடாளுமன்றக் கட்டடத்தை எங்கள் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தார், ஜப்பானின் மிட்சுயி நிறுவனக் கூட்டு கட்டியது, 1982இல் திறந்தார்கள்.

பாவாவின் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குத் தோட்டம் பூட்டியிருந்தால், அல்லது கூட்டமாக இருந்தால், அதே அமைதி கிடைக்கிற வேறு இடங்கள் கொழும்பில் உண்டு. என் முதல் தெரிவு பேரை வாவியில் இருக்கிற சீமா மாலகம். பழைய கட்டடம் தண்ணீருக்குள் மெல்ல அமிழ்ந்துபோன பிறகு, 1976இல் பாவாவிடம் புதிதாக வடிவமைக்கக் கேட்டார்கள். செலவைக் கொடுத்தது ஒரு முஸ்லிம் வர்த்தகக் குடும்பம், இறந்துபோன மகனின் நினைவாக. பௌத்த தியான மண்டபம், முஸ்லிம் குடும்பத்தின் பணம். இதை அம்மாவிடம் சொல்லுங்கள். நீல ஓட்டுக் கூரை, மரச்சட்டச் சுவர், தண்ணீர்மேல் மூன்று மேடைகள், அவற்றை இணைக்கும் நடைபாலங்கள். இது ஜப்பான் பாணி இல்லை, எங்கள் பழைய வனவாச விகாரைகளின் வழியில் வந்தது. ஆனால் சட்டங்களுக்கு ஊடாகக் காற்று வருகிறதும், வெளியே ஓடுகிற நகரம் இரண்டு மரச்சட்டத்துக்கு நடுவில் சிறிதாகத் தெரிகிறதும் நான் மேலே சொன்ன இரவல் காட்சியேதான். சப்பாத்தைக் கழற்ற வேண்டும், தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெயில் நேரத்தில் தரை சுடும். போயா நாளில் போகாதீர்கள், சனம் நிறைந்திருக்கும்.

பகத்தல வீதிப் பக்கம் 33ஆவது ஒழுங்கையில் பாவாவின் சொந்த வீடு இருக்கிறது. வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை ஒவ்வொன்றாக வாங்கி ஒன்றாக்கியது. உள்ளே நடுவில் நடுவில் வானம் பார்த்த சின்ன முற்றங்கள், ஒரு மரம், ஒரு தொட்டித் தண்ணீர். நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லாத அழகு. முன்பதிவு செய்து, கட்டணம் கொடுத்துத்தான் பார்க்க முடியும், படிகளும் இருக்கின்றன. முழங்கால் நோவோடு அவசரமாகப் போகிற இடம் இல்லை.

கோட்டைப் பக்கம், அதாவது ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைப் பக்கம், பெத்தகான சதுப்பு நிலப் பூங்கா இருக்கிறது. கொழும்பு 2018இல் சர்வதேச ஈரநில நகரங்களில் ஒன்றாக அங்கீகாரம் பெற்றதே இப்படியான சதுப்புகளால்தான். அங்கே தோட்டக்காரர் ஒருவரும் கல் வைக்கவில்லை. பலகைப் பாதையில் நடந்தால் நாணலும் பறவையும் மட்டும். அது காலை நேரத்துக்கு உரிய இடம். விகாரமகாதேவிப் பூங்கா எல்லோருக்கும் தெரிந்தது. பெரிய மரங்களின் நிழல் அருமை, ஆனால் அமைதி கிடைப்பது வேலை நாட்களில்தான்.

இப்போது உங்கள் அன்றைய நேரத்துக்கு வருகிறேன். கண் கிளினிக்கில் கண்மணி விரிய மருந்து விட்டால் பல மணித்தியாலம் வெளிச்சம் கூசும். அந்தக் கண்ணோடு மத்தியான வெயிலில் வெள்ளைச் சரளையையும் தண்ணீர்ப் பளபளப்பையும் பார்க்க வைப்பது அம்மாவுக்கு வேதனை. மத்தியானம் சாப்பிட்டு, எங்கேயாவது ஒரு மணித்தியாலம் கண்ணை மூடிப் படுக்க வையுங்கள். நாலரை மணிபோல ஆட்டோ பிடித்துப் போங்கள், கறுப்புக் கண்ணாடி இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். ஆறு மணிவரை இருந்தால் வெளிச்சம் சாய்ந்து, மீன் மேலே வந்து, தோட்டம் தன் நல்ல முகத்தைக் காட்டும். தோட்டம் எத்தனை மணிக்குப் பூட்டும் என்று முதலிலேயே போன் எடுத்துக் கேளுங்கள். பின்னேரம் ரயில் நிலையப் பக்கம் வீதி நெரியும், ஆறு மணிக்குப் புறப்பட்டால் பதற்றமில்லை. போத்தலில் தண்ணீர், ஒரு குடை.

மழை தூறினால் திரும்பிவிடாதீர்கள். காய்ந்த கல்லுக்கும் நனைந்த கல்லுக்கும் உள்ள வித்தியாசம், காய்ந்த துணிக்கும் நனைந்த பட்டுக்கும் உள்ளது மாதிரி. சாம்பலாகக் கிடந்த கல்லில் திடீரென்று நீலமும் செம்மையும் வரியும் தெரியும், பாசி பச்சை விட்டு எரிவது போல நிற்கும். கியோத்தோவில் விருந்தாளி வர முன்னர் கல்லை நனைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கூரைக்குக் கீழே ஒரு வாங்கு பார்த்து இருங்கள். இடி கேட்டால் மட்டும் மரத்தடியை விட்டு உள்ளே வந்துவிடுங்கள்.

முழங்கால் விஷயம். படிக்கற்களில் கட்டாயம் நடக்க வேண்டும் என்றில்லை, பொதுத் தோட்டத்தில் பெரும்பாலும் பக்கத்தில் தட்டையான பாதையும் இருக்கும், அதில் போங்கள். வளைந்த பாலம் ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்காலைப் பிடிக்கும், நனைந்திருந்தால் வழுக்கும், அதை விட்டுவிடலாம். பாலத்தை ஏறிப் பார்ப்பதைவிடத் தூரத்தில் இருந்து, தண்ணீரில் அதன் நிழலோடு சேர்த்து வட்டமாகப் பார்ப்பதுதான் அழகு. எங்காவது ஒரு சின்னக் கல்லைக் கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டிப் பாதை நடுவில் வைத்திருந்தால், இந்தப் பக்கம் போகவேண்டாம் என்று அர்த்தம். சங்கிலியோ பலகையோ இல்லை, அந்தக் கல் மட்டும்தான்.

அம்மாவுக்குப் படிக்கற்களில் நடந்து பார்க்க ஆசை வந்தால், அவை ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத்தான் போட்டவை, பக்கத்தில் நின்று கை பிடிக்க இடம் இருக்காது. அவவை முன்னால் விட்டு, நீங்கள் ஒரு கல் பின்னால் வாருங்கள். அவ நிற்கிற கல்லில் நீங்களும் நில்லுங்கள், அவ பார்க்கிற பக்கம் பாருங்கள்.